விடையைக் காட்டுபவர் கேள்வியையும் காட்டட்டும்

ஆண்கள் அணியும் ஷூவின் மேல் கூர்முனைக் குமிழ்களைப் பதித்து விற்பதில் பெயர்பெற்ற நிறுவனம் எது? 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் இந்தக் கேள்வி வந்தது. தன் வடிவமைப்புகளை நகலெடுத்ததாக ஓர் இந்திய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்த பிரெஞ்சு நிறுவனமான கிறிஸ்டியன் லூபூட்டான், மற்ற ஆவணங்களோடு சாட்ஜிபிடி தந்த ஒரு பதிலையும் சான்றாக வைத்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, இத்தகைய ஷூக்களுக்கு அது பெயர்பெற்றதா என்று கேட்டிருந்தார்கள். ஆம் என்று பதில் வந்திருந்தது. எந்தப் பெயரையும் சொல்லாமல், இப்படிப்பட்ட ஷூக்களுக்குப் பெயர்பெற்ற நிறுவனங்கள் உண்டா என்று மாற்றிக் கேட்டபோது, பல உண்டு என்று அதே இயந்திரம் சொன்னது. அந்த இரண்டாவது பதிலும் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. இத்தகைய இயந்திரம் தரும் விடை, கேட்பவர் கேள்வியை எப்படி அமைக்கிறார் என்பதையும் பொறுத்தது. அதை வைத்து ஒரு வழக்கின் சட்டச் சிக்கலையோ உண்மைகளையோ தீர்மானிக்க முடியாது என்று நீதிபதி பிரதீபா எம். சிங் எழுதினார். செயற்கை நுண்ணறிவிடம் எப்படிக் கேட்பது என்று இன்று விற்கப்படும் வழிகாட்டி நூல்கள் பலவற்றைவிட, அந்தத் தீர்ப்பின் ஒரு பத்தி அதிகம் சொல்லிக்கொடுக்கிறது.

இயந்திரத்திடம் கேட்கும் கேள்வியான பிராம்ப்ட்டை எழுதுவது என்றதும் நம்மூரில் அதை ஒரு மந்திரச் சொல்லாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. 'வெற்றி தரும் நூறு பிராம்ப்ட்கள்' என்ற தலைப்பில் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. 'நீ ஒரு நிபுணர்' என்று தொடங்கினால் இயந்திரம் நிபுணராகிவிடும் என்று நம்புகிறோம். சரியான சொற்களைத் தெரிந்துகொண்டால் சரியான விடை வந்துவிடும் என்ற எண்ணமே இதன் அடிப்படை. அது பாதி உண்மைதான். கேள்வியை மாற்றினால் விடை மாறும் என்பது உண்மை. ஆனால் அப்படியானால், கேள்வி தெரியாமல் விடையை மட்டும் பார்ப்பவருக்கு அந்த விடையின் தரம் தெரியவே தெரியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. பிராம்ப்ட் எழுதுவது கேட்பவரின் சொந்தத் திறமை மட்டும் அல்ல. பொதுக் காரியங்களில் அது அவர் தர வேண்டிய கணக்கு. நீதிமன்றமோ அரசு அலுவலகமோ பத்திரிகையோ இயந்திரத்தின் விடையைப் பயன்படுத்தினால், கேட்ட கேள்வியையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கேள்வி வெளியே தெரிந்தால் என்ன பயன் என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும். 2023 மார்ச்சில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்ற நீதிபதி அனூப் சித்காரா, ஒரு கொலை வழக்கின் ஜாமீன் மனுவை விசாரித்தபோது சாட்ஜிபிடியிடம் கருத்துக் கேட்டார். தாக்கியவர்கள் கொடூரமாக நடந்துகொண்டிருந்தால் ஜாமீன் பற்றிய சட்டநெறி என்ன என்பது கேள்வி. அதையும், கிடைத்த பதிலையும் அவர் தம் உத்தரவிலேயே எழுதினார். வழக்கின் தகுதியைப் பற்றிய கருத்தாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் குறித்தார். இயந்திரத்தைக் கேட்டது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் கேள்வி நம் கண்முன் இருப்பதால்தான் அதைப் பற்றி ஏதாவது சொல்லவே முடிகிறது. எந்த நாட்டுச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த மேல் நீதிமன்றத் தீர்ப்புகள் என்று கேள்வியில் இல்லை. ஆகவே பதிலும் பொதுவாக இருந்தால் வியப்பில்லை என்று ஒரு சட்டக் கல்லூரி மாணவர்கூட அந்த உத்தரவைப் படித்துச் சொல்லிவிடலாம். அந்த நேர்மையை நீதிபதி காட்டாமல், பதிலைத் தம் சொற்களில் கலந்து எழுதியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

இரண்டாவது வழக்கு நியூயார்க்கில் நடந்தது. ஏவியன்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் ஒரு வழக்கறிஞர், இல்லாத தீர்ப்புகளை இருப்பதாகக் காட்டி மனுத் தாக்கல் செய்தார். எல்லாம் சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்த வழக்கறிஞர் சரிபார்க்காமல் விடவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 'இது உண்மையான வழக்கா' என்று இயந்திரத்திடமே கேட்டார், ஆம் என்றது. மற்றவையும் பொய்யா என்று கேட்டார், இல்லை என்றது. இந்த உரையாடல் நீதிமன்றத்தின் முன் வந்ததால்தான் பிழை எங்கே நேர்ந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது. ஆம், இல்லை என்று முடியும் கேள்வியை, அதிலும் ஆம் என்ற பதிலை விரும்பிக் கேட்கும் கேள்வியை, குற்றம்சாட்டப்பட்டவரிடமே கேட்டுவிட்டு அதைச் சாட்சியம் என்று எடுத்துக்கொண்ட பிழை அது.

இயந்திரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது? மொழி மாதிரி என்பது, அதற்கு முன்னால் வைக்கப்பட்ட சொற்களைப் பார்த்து, அடுத்து எது வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே போகும் ஏற்பாடு. கேட்பவரின் முகம் அதற்குத் தெரியாது, ஊர் தெரியாது, எந்தக் காரணத்துக்காகக் கேட்கிறார் என்பதும் தெரியாது. நாம் எழுதிக் கொடுத்ததுதான் அதற்கு உலகம். அந்த எழுத்து எவ்வளவு தூரம் விடையைத் திருப்பும் என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். 2022-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தையும் கூகுளையும் சேர்ந்த ஆய்வாளர்கள், கணக்குக் கேள்விகளின் கீழே 'படிப்படியாக யோசிப்போம்' என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள். ஒரு கணக்குத் தொகுப்பில் சரியான விடைகள் 17.7 விழுக்காட்டிலிருந்து 78.7 விழுக்காடாக உயர்ந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2023 ஆய்வு இன்னும் கலவரப்படுத்துவது. கேள்வியின் பொருளை மாற்றாமல் இடைவெளி, நிறுத்தற்குறி போன்ற வடிவத்தை மட்டும் மாற்றியபோதே, ஒரு மாதிரியின் துல்லியம் 76 புள்ளிகள் வரை வேறுபட்டது. முதல் ஆய்வை மட்டும் படித்தவர் மந்திரச் சொல் கிடைத்தது என்று மகிழ்வார். இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்கு, ஒரே ஒரு முறை ஒரே ஒரு விதமாகக் கேட்டு வாங்கிய விடையின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்ற சந்தேகம் வரும்.

நீதிமன்றத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். தென் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிக்கொள்ளலாம். பக்கத்தில் லேக் மார்க்கெட்டும் ராஷ்பிகாரி அவென்யூவும் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்துவரும் பகுதிகள். அந்த வீட்டில் ஒருவர் தமிழில், 'கரண்ட் பில் திடீரென்று கூடிவிட்டது, என்ன செய்யலாம்' என்று கேட்டால் இயந்திரம் எதை வைத்துப் பதில் சொல்லும்? தமிழில் மின்கட்டணம் பற்றி எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டைப் பற்றியது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம், மின்வாரிய அலுவலகத்தில் புகார் என்று அது பேசத் தொடங்கினால் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் லேக் கார்டன்ஸுக்கு மின்சாரம் தருவது சிஇஎஸ்சி என்ற தனியார் நிறுவனம். பில் மாதந்தோறும் வருகிறது. மேற்கு வங்கம் என்று மட்டும் சொன்னாலும் போதாது. கொல்கத்தாவுக்கு வெளியே மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்சாரம் தரும் அரசு நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பில் போடுகிறது. கேட்ட மொழி ஒன்று, இருக்கும் ஊர் வேறு என்பதை இயந்திரம் தானாக அறியாது. புலம்பெயர்ந்த தமிழர் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு: டொராண்டோவில் வாடகை ஒப்பந்தம் பற்றித் தமிழில் கேட்பவருக்கும், சிங்கப்பூரில் வேலை அனுமதி பற்றிக் கேட்பவருக்கும் இதே இடர்.

அந்தக் கேள்வியை எப்படி எழுதலாம்? 'கொல்கத்தா லேக் கார்டன்ஸில் ஒரு ஃபிளாட்டில் குடியிருக்கிறேன். வீட்டு இணைப்பு, சிஇஎஸ்சி மாதந்தோறும் பில் அனுப்புகிறது. மார்ச், ஏப்ரல், மே பில்களில் உள்ள யூனிட்டும் தொகையும் கீழே தந்திருக்கிறேன். புதிதாக ஏசியோ கீசரோ வாங்கவில்லை. யூனிட் கூடியதால் தொகை கூடியதா, கட்டண விகிதம் மாறியதா, பழைய பாக்கி சேர்ந்ததா என்று இந்த எண்களிலிருந்து தெரிவதை மட்டும் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். பில்லில் நான் வேறு எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்றும் சொல். தமிழ்நாட்டு விதிகளைக் கலக்காதே.' இதில் எந்தத் தந்திரமும் இல்லை. யார், எங்கே, எந்தக் காலம், கையில் என்ன இருக்கிறது, எது வேண்டும், எது வேண்டாம் என்பவை இருக்கின்றன. விடையை ஒரு பக்கம் சாய்க்காமல் மூன்று காரணங்களைச் சமமாக வைத்திருக்கிறது. தெரியாது என்று சொல்ல இடம் விட்டிருக்கிறது. நுகர்வோர் எண்ணோ கைப்பேசி எண்ணோ இல்லை. இயந்திரத்துக்கு அவை தேவையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த விடையைக் கையில் உள்ள பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். விதியைக் கேட்கும் கேள்வியைவிட, தன்னிடம் உள்ள தாளை வாசிக்கச் சொல்லும் கேள்வி பாதுகாப்பானது; விடை தவறினால் உடனே அகப்பட்டுவிடும்.

கேள்வி கேட்பதை ஓர் அறிவியலாகவே நடத்திய நகரம் கொல்கத்தா என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்த வேண்டும். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-இல் இங்கே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். வங்காளத்துச் சணல் விளைச்சலை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடும் வேலை 1930களின் பிற்பகுதியில் நடந்தது. 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பிறந்தது. ஒரே பகுதியை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு குழுக்களிடம் கொடுத்து, இரு கணக்குகளையும் ஒப்பிடுவது மகலனோபிஸ் வகுத்த முறைகளில் ஒன்று. கணக்கெடுப்பவரின் பிழை எவ்வளவு, உண்மையான வேறுபாடு எவ்வளவு என்று அதனால் பிரித்தறிய முடிந்தது. அதே ஆர்வத்தில் கேள்வியையும் சோதித்தார்கள். கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு அரிசி சாப்பிட்டீர்கள் என்று கேட்பதா, ஒரு மாதத்தில் எவ்வளவு என்று கேட்பதா? 1950களின் தொடக்கத்தில் மேற்கு வங்கக் கிராமங்களில் இரண்டு விதமாகவும் கேட்டு, வீடுகளில் அரிசியை நேரடியாக நிறுத்தும் பார்த்தார்கள். மாதக் கேள்விக்கு வந்த விடையே நிறுத்த அளவோடு நெருங்கி வந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் 30 நாள் கேள்வியே நாட்டின் வழக்கமாயிற்று.

அந்த முடிவு எவ்வளவு கனமானது என்பது நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 1990களின் நடுவில் கணக்கெடுப்பு அமைப்பு ஒரு சோதனை செய்தது. பாதி வீடுகளில் பழையபடி 30 நாள் கேள்வி. மீதிப் பாதியில் உணவுக்கு 7 நாள், அரிதாக வாங்கும் பொருள்களுக்கு ஓராண்டு. புதிய கேள்வி கேட்கப்பட்ட வீடுகளில் செலவு கூடுதலாகத் தெரிந்தது. அதை வைத்துக் கணக்கிட்டால் நாட்டின் வறுமை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. யாருடைய தட்டிலும் ஒரு பிடி சோறு கூடவில்லை. கேள்வித்தாளின் ஒரு கட்டம் மாறியது, அவ்வளவுதான். பின்னர் 1999–2000 கணக்கெடுப்பில் ஒரே வீட்டில் 7 நாளும் 30 நாளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்கப்பட்டன. 1993–94-இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26.1 விழுக்காடாகக் குறைந்ததாக அரசு அறிவித்தபோது, ஆங்கஸ் டீட்டன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஒரு கட்டத்தின் விடை மற்றொன்றைப் பாதித்திருக்கும் என்பது அவர்கள் வாதத்தின் மையம். அந்த விவாதம் நடக்க முடிந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: கேள்வித்தாள் எல்லோருக்கும் கிடைத்தது. எண்ணை மட்டும் வெளியிட்டுக் கேள்வியை மறைத்திருந்தால் 26.1 என்பது கேட்பாரற்ற உண்மையாக நின்றிருக்கும். இன்று இயந்திரத்தின் விடைகளை நாம் பெரும்பாலும் அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறோம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, இயந்திரங்கள் வேகமாகத் தேர்ந்துவருகின்றன, இனி கேள்வியைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியதில்லை என்பது. இதில் உண்மை இருக்கிறது. 'படிப்படியாக யோசி' என்று சொல்லாமலே இப்போதைய மாதிரிகள் படிப்படியாகப் போகின்றன. தெளிவில்லாத இடத்தில் சில சமயம் திருப்பிக் கேட்கவும் செய்கின்றன. பழைய சொல் தந்திரங்கள் காலாவதியாவது நல்லதே. ஆனால் லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு மின்சாரம் யார் தருகிறார் என்பது எந்த அறிவுக்கும் தானாகத் தெரியாது. கேட்பவர்தான் சொல்ல வேண்டும். இயந்திரம் தேர்ச்சி பெறப் பெற, அதன் ஊகமும் சரளமாகும். தடுமாறும் ஊகத்தை எளிதில் கண்டுகொள்ளலாம். நயமாக எழுதப்பட்ட ஊகத்தைக் கண்டுகொள்வது கடினம். ஆகவே கேள்வியைக் காட்ட வேண்டிய தேவை குறையவில்லை, கூடுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. கேள்வியை வெளியிட்டாலும் அதே விடையை மறுபடி பெற முடியாதே. ஒரே கேள்விக்கு இயந்திரம் இரண்டு நாளில் இரண்டு விதமாகச் சொல்கிறது, மாதிரியே மாறிவிடுகிறது, பிறகு எதற்கு இந்தப் பதிவு? மாதிரிக் கணக்கெடுப்பிலும் இரண்டாம் முறை கேட்டால் அதே எண் வராது. அதற்காக யாரும் கேள்வித்தாளைத் தூக்கி எறியவில்லை; எவ்வளவு மாறும் என்று அளந்தார்கள். இங்கும் செய்யக்கூடியது அதுவே. எந்த மாதிரி, எந்தத் தேதி, எத்தனை விதமாகக் கேட்டோம், விடைகள் எங்கே ஒத்தன, எங்கே பிரிந்தன என்று சேர்த்து எழுதலாம். மகலனோபிஸின் இரு குழுக்களைப் போல, ஒரே விஷயத்தை இருவர் தனித்தனியாகத் தம் சொற்களில் கேட்டு ஒப்பிடலாம். பதிவு என்பது விடை சரி என்ற உத்தரவாதம் அன்று. விடையோடு வாதாட மற்றவருக்குத் தரும் உரிமை.

மூன்றாவது மறுப்பு நியாயத்தைப் பற்றியது. நன்றாகக் கேட்கத் தெரிந்தவருக்கே நல்ல விடை என்றால், ஆங்கிலம் படித்தவருக்கும் கணினி பழகியவருக்கும் மேலும் ஒரு சலுகை அல்லவா? தொழில்நுட்பத்தின் அமைப்பிலேயே அந்தச் சாய்வு இருந்தது. இந்த மாதிரிகள் எழுத்தை டோக்கன் என்னும் துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன. தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு துண்டுகளாகச் சிதறும், அதற்கேற்பச் செலவும் கூடும். 2024 மே மாதம் ஓபன்ஏஐ தன் புதிய மாதிரியை அறிமுகப்படுத்தியபோது, எடுத்துக்காட்டாகத் தந்த ஒரு தமிழ்ப் பகுதி 116 துண்டுகளிலிருந்து 35 ஆகக் குறைந்ததாகக் காட்டியது. இடைவெளி சுருங்குகிறது, மறையவில்லை. இதற்கு மருந்து, கேட்கும் கலையைத் தமிழில் கற்றுக்கொடுப்பதே. வெற்றிக் கேள்விகளின் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பது கற்பித்தல் ஆகாது. எட்டாம் வகுப்பு மாணவரிடம் ஒரு விடையைக் கொடுத்து, இந்த விடை வர என்ன கேட்டிருப்பார்கள், எதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள், மாற்றிக் கேட்டால் என்ன வரும் என்று கேட்கலாம். அதற்குக் கணினிகூட வேண்டாம். ஒரு செய்தித்தாள் போதும்.

இந்தக் கோரிக்கை யாருடைய அந்தரங்கத்திலும் தலையிட வேண்டியதில்லை. ஒருவர் தன் கடிதத்தைத் திருத்தவோ சமையல் குறிப்புக்கோ இயந்திரத்தைக் கேட்டால் அது அவர் பாடு. மற்றவரின் சுதந்திரத்தையோ உரிமையையோ பணத்தையோ நம்பிக்கையையோ தொடும் இடங்களில்தான் கேள்வி பதிவாக வேண்டும். தனிநபர் விவரங்களை மறைத்து வெளியிடலாம். இதற்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வெளியிட்ட கொள்கை, தீர்ப்பையோ முடிவையோ எட்ட இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் எந்தக் கருவி, மனிதர் எப்படிச் சரிபார்த்தார் என்று பதிவு வைக்கச் சொல்கிறது. அந்தப் பதிவேட்டில் கேட்ட கேள்விக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும். தமிழ்நாடு அரசு 2020-லேயே, சாட்ஜிபிடி வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும் அதில் முதன்மையான கூறுகள். அரசு அலுவலகங்கள் மனுக்களைச் சுருக்கவும் பதில் எழுதவும் இயந்திரத்தை நாடும் இந்தக் காலத்தில், கோப்பில் கேள்வியும் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, சுற்றறிக்கை போதும்.

பத்திரிகைகள் அந்தச் சுற்றறிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம். கருத்துக்கணிப்பு வெளியிடும்போது எத்தனை பேரிடம், எந்த நாள்களில், என்ன கேட்டோம் என்று அச்சிடும் வழக்கம் நமக்கு உண்டு. இயந்திரம் தொகுத்த செய்தி, இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பு, இயந்திரம் போட்ட கணக்கு எதுவானாலும் அதன் கீழே கேள்வியும் மாதிரியின் பெயரும் தேதியும் சரிபார்த்தவரின் பொறுப்பும் இரண்டு வரியில் வரட்டும். கேள்வியை அச்சிட வேண்டும் என்று தெரிந்தால் கேட்பவரே அதைக் கவனமாக எழுதுவார்; பிராம்ப்ட் எழுதக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. அச்சிடத் தயங்கும் அளவுக்கு ஒரு கேள்வி அமைந்திருந்தால், அதன் விடையையும் அச்சிடாமல் விடுவதே முறை.